பேஸ் கேபினட்டில் வந்த கொரகொரப்பு

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் சர்ச் திருவிழா மேடைகளுக்கு வருடக்கணக்காக நான் தூக்கிப் போகும் பேஸ் கேபினட்டில் (பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி) நான்கு பத்து இன்ச் ஸ்பீக்கர்கள். போன மழைக்காலத்தில் அது கொரகொரக்க ஆரம்பித்தது, அதுவும் ஏ கம்பியைத் திறந்து மீட்டும்போது மட்டும். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு, அதாவது கோன், கிழிந்திருக்கும், புது ஸ்பீக்கர் மாட்டு என்றார்கள். கோன் போனால் பொதுவாக ஒரே சுரத்தோடு நிற்காதே!

மல்டிமீட்டர் வைத்தேன். 8 ஓம் கேபினட் 6க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. மீட்டர் காட்டும் டிசி அளவு, பெட்டிக்குச் சொல்லும் ஓமைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆக ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், சரி. அப்புறம் போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, ஆம்ப் வழியாக 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினேன். வால்யூம் குறைவாகவே இருக்கட்டும். போர்ட் (காற்றுத் துளை) உள்ள பெட்டியில், அந்தத் துளை ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடும். 55 ஹெர்ட்ஸில், அதாவது திறந்த ஏ கம்பியின் இடத்தில், சத்தம் வந்தது. அதை அப்படியே ஓடவிட்டு கிரில், கைப்பிடி, மூலைத் தகடு என்று ஒவ்வொன்றாக அழுத்தினேன். பின்பக்கத்தில் கேபிள் செருகும் ஜாக் தட்டை அழுத்தியதும் நின்றுவிட்டது.

கழற்றினால், உள்ளே காற்று கசியாமல் இருக்க ஒட்டியிருந்த ஃபோம் பொடிப்பொடி. எங்கள் ஊர் ஈரத்தில் பிளைவுட் துளைகளும் தளர்ந்து, காற்று கசிந்திருக்கிறது. மரப்பசை தடவிய தீக்குச்சிகளைத் துளையில் திணித்து, நன்றாகக் காயவிட்டு, புது ஃபோம் டேப் ஒட்டி முடுக்கினேன். கையோடு ஸ்பீக்கர் ஸ்க்ரூக்களையும் எதிரெதிராக முடுக்கினேன், அளவோடுதான். அதிகம் இறுக்கினால் ஃபிரேம் வளையும். புது ஸ்பீக்கருக்கு வைத்திருந்த பணத்தில் பெட்டிக்கு ரெக்சின் உறை தைத்தாயிற்று.