மூன்று நிமிஷ வீணையைக் கேட்பது எப்படி

போன மாசம் ஒன்பதாவது படிக்கிற மாணவி ஒருத்தி படியேறி வந்ததும் வராததுமாக, "டீச்சர், வீணை தனம்மாள் கேக்கச் சொன்னீங்களே, கேட்டுட்டேன். மூணு நிமிஷம்தான். ஒரே இரைச்சல்" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. அவள் வயதில் நானும் அப்பாவிடம் அதையேதான் சொன்னேன்.

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் ஏழு பிள்ளைகளுக்கு வீணை சொல்லித்தருகிறேன். அதற்கு முன்னால் 32 வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. கொரகொரப்புக்கு நடுவே எதிர்முனைக் குரலைப் பிரித்துக் கேட்கிற காது அங்கே சம்பளத்தோடு சேர்ந்து கிடைத்தது. கொஞ்சமே பதிவாகிப் போன பெரிய வித்வான்களைக் கேட்க அந்தக் காது எனக்கு உதவியது. எக்ஸ்சேஞ்சுக்குப் போகாதவர்களுக்கும் அது வரும். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

தனம்மாள் 1867-ல் பிறந்து 1938-ல் போனவர். பாட்டி காமாட்சி தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியவர். அம்மா சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் பிள்ளை சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனம்மாள் வாசிப்பார், மிருதங்கம் கிடையாது, கூடவே மெல்லப் பாடுவார். பெரிய பெரிய வித்வான்களெல்லாம் வந்து பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்டவர் 1932-ல் கொலம்பியா கம்பெனிக்கு கிராமபோன் தட்டுக் கொடுத்தபோது வயது 65. பத்து அங்குலத் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமும். அப்படிச் சில பக்கங்கள்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன. ஒரு சாயங்காலம் முழுக்க விரிந்த சங்கீதம் அந்த அரக்குத் தட்டுக்குள் எப்படி மடிந்திருக்கும் என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். கச்சேரியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துதான் எழுந்திருப்பீர்கள்.

கேட்பதற்கு முன் பிரதியைப் பாருங்கள். என் அப்பா மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே ஒரு கட்டுத் தட்டு வாங்கி வந்தார், அதில் ஒன்று தனம்மாள். ரொம்ப நாள் கழித்து அதை ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றினேன். "இரைச்சலே இல்லாம சுத்தம் பண்ணிக் கொடுத்திருக்கோம் மேடம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் வீணையே இல்லை. டொக், டொக் என்று மரத்தைத் தட்டின மாதிரி இருந்தது. வீணையில் தந்தியை மீட்டியதும் எழும்புகிற நாதம் மெதுவாகத் தேய்ந்து அடங்கும். அந்தத் தேய்கிற வாலில்தான் இடது கை தந்தியை இழுத்து கமகம், அதாவது ஸ்வரத்துக்கு அசைவு, கொடுக்கிறது. இரைச்சலை நீக்குகிற கம்ப்யூட்டருக்கு அந்த வாலும் இரைச்சல்தான், சேர்த்து வழித்துவிடும். அதனால் கொரகொரப்பு அதிகமுள்ள பிரதியைத்தான் நான் எடுப்பேன். பத்து நிமிஷம் பொறுத்தால் காது இரைச்சலைத் தானே ஒதுக்கிவிடும். மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசினதில்லையா?

அடுத்தது சுருதி. இதில் நான் இரண்டு வருஷம் மோசம் போனேன். பழைய தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டும் என்பது பேச்சுக்கு. பதிவு செய்த அன்று மிஷின் எந்த வேகத்தில் ஓடியது, மாற்றினவர் எந்த வேகத்தில் ஓட்டினார் என்பதெல்லாம் சேர்ந்துதான் நம் காதுக்கு வருகிறது. 78 போய் 82½ ஆனாலே 4 கட்டை சுருதி ஏறி 4½ கட்டையாகிவிடும். அந்தம்மா இவ்வளவு துருதுருவென்று வாசிப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் தட்டில் இருக்கிறதே என்று அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடமும் சொல்லிவைத்தேன். அப்புறம் வேறொருவர் வைத்திருந்த பிரதி வந்தபோதுதான், நான் கேட்டது வேகம் கூடிய பிரதி என்று தெரிந்தது. இப்போது முதல் வேலையாகத் தம்புரா ஆப்பில் சுருதி சேர்த்துக்கொள்கிறேன். ஒரே நாளில் பதிவானது என்று தெரிந்த இரண்டு பக்கங்கள் ஆளுக்கொரு சுருதியில் நின்றால் ஒன்றில் வேகம் தப்பு. கமகம் நடுக்கமாகக் கேட்டாலும், மீட்டின நாதம் சட்டென்று குறுகி நின்றாலும் சந்தேகப்படுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்க போனிலேயே வசதி இருக்கிறது.

பாட்டுத் தெரியாமல் தட்டைப் போடாதீர்கள். இதை நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகவே சொல்வேன். என்ன கீர்த்தனை, என்ன பதம் என்று பார்த்து, சாகித்யத்தை, அதாவது பாட்டு வரிகளை, நோட்டில் எழுதி, தாளம் போட்டு, சுமாராகவாவது பாடிப் பழகிவிட்டு வரணும். தனம்மாள் பாடிக்கொண்டே வாசித்தவர், அந்த வீணையில் சொல் இருக்கிறது. க்ஷேத்ரய்யர் தெலுங்கில் எழுதிய காதல் பாட்டுகளான பதங்கள் அவருக்கு உயிர். தெலுங்கு தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அர்த்தம் கேட்டுக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்ட நாயகி எந்த வார்த்தையில் நின்று எந்த வார்த்தையில் இழுக்கிறாள் என்று தெரிந்தால், வாசிப்பில் ஏன் அந்த இடத்தில் மட்டும் ஒரு தயக்கம் என்பதும் தெரியும்.

இனி மீட்டு எண்ணுவது, அதாவது வலது கை தந்தியை எத்தனை தடவை மீட்டுகிறது என்று எண்ணுவது. என் முறையில் முக்கியமானது இதுதான், ஆற அமரச் சொல்கிறேன்.

வீணை பக்கத்தில் இருந்தால் சாரணி என்கிற முதல் தந்தியில் ரிஷபத்து மெட்டில் (தந்திக்குக் கீழே குறுக்கே நிற்கிற கம்பிதான் மெட்டு) விரலை வையுங்கள். ரி, க, ம என்று மூன்று மெட்டுக்கு நகர்ந்து மூன்று தடவை மீட்டுங்கள். மூன்று ஸ்வரமும் தனித்தனியாக, பல் எண்ணுகிற மாதிரி கேட்கும். இப்போது ரிஷபத்தில் ஒரே தடவை மீட்டிவிட்டு, நாதம் அடங்குவதற்குள் விரலைத் தந்தியோடு ஒட்டினபடி காந்தாரத்துக்கும் மத்தியமத்துக்கும் வழுக்கிக்கொண்டு போங்கள். மத்தியமம் சன்னமாகத்தான் கேட்கும். ஆனால் குரல் மாதிரி கேட்கும். மூன்றாவதாக, மெட்டை விட்டு நகராமல் ரிஷபத்திலேயே மீட்டி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து காந்தாரத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள். விரல் நுனி எரியும், எரியட்டும். தனம்மாள் கம்பி நகம் போடாமல் சொந்த நகத்தால் மீட்டியவர். நாதம் சின்னது. அந்தச் சின்ன நாதத்துக்குள் எத்தனை ஸ்வரத்தை வைக்கிறார் என்பதுதான் வித்தை.

இப்போது தட்டுக்கு வாருங்கள். முதல் முப்பது செகண்டை மட்டும் போட்டு, ஒவ்வொரு மீட்டுக்கும் பென்சிலால் ஒரு கோடு. அடுத்த முறை, கோடுகளுக்குக் கீழே சாகித்ய எழுத்துகளை எழுதுங்கள். எழுத்துக்கு ஒரு மீட்டு விழுந்தால் கை பாட்டோடு போகிறது என்று அர்த்தம். ஒரு எழுத்தின் நீட்டலில் மீட்டே விழாமல் ஸ்வரங்கள் மட்டும் நகர்ந்தால் அங்கே ஒரு வட்டம் போடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியது அந்த வட்டங்களைத்தான். ஒரு நாளைக்கு ஒரு வட்டம் போதும். அதை வாயால் பாடி, பிறகு வீணையில் தேடுங்கள். வீணை இல்லாதவர்கள் பாடிப் பார்த்தாலே போதும், இன்னும் நல்லதுகூட.

இப்படி ஒரு பக்கத்தை முடிக்க எனக்கு மூன்று மாசம் ஆனது. மூன்று நிமிஷத்துக்கு மூன்று மாசமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் கிரிக்கெட்டில் ஒரே கேட்சைப் பன்னிரண்டு தடவை பார்க்கிறவர், அதனால் நான் பதில் சொல்லவில்லை.

தட்டு தீர்ந்துவிட்டால் குடும்பத்துக்குப் போங்கள். தனம்மாளின் மகள் காமாட்சியின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும். இன்னொரு மகள் ஜெயம்மாளின் பிள்ளைகள் பாலசரஸ்வதி, மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விஸ்வநாதன். பாலா ஆடுகிறவர்தானே என்று விட்டுவிடாதீர்கள், அபிநயம் பிடித்தபடியே அவர் பாடுவதைக் கேட்க வேண்டும். சத்யஜித் ரே 1976-ல் எடுத்த 'பாலா' படத்தில் பார்க்கலாம். விஸ்வநாதன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தவர். ஒரே பதத்தைப் பிருந்தா-முக்தா பாடியும், விஸ்வநாதன் ஊதியும் கேளுங்கள். இரண்டிலும் ஒரு பிடி, அதாவது ஸ்வரங்களின் ஒரு சின்னக் கோவை, ஒரே மாதிரி வந்தால், அது பாட்டி வீட்டுச் சொத்தாக இருக்க நியாயம் உண்டு. குழலில் ஊதுகிறவருக்கும் வாயால் பாடுகிறவருக்கும் பொதுவாக ஒரு இழுப்பு இருந்தால், அது வாத்தியத்தால் வந்ததில்லையே.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் பாட்டி கணக்கில் எழுதிவிடக் கூடாது. பிருந்தாவும் முக்தாவும் லயத்துக்குப் பேர்போன பாடகர் காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடமும் பாடம் கேட்டவர்கள். லயத்தில் ஒரு கிண்ணென்ற நிமிர்வு தெரிந்தால் அது அந்த வீட்டிலிருந்து வந்திருக்கலாம். அந்த நாயினாப் பிள்ளை தட்டுப் பக்கமே போகாதவர். அவரைக் கேட்க வழி, சிஷ்யர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையைக் கேட்பதுதான். முகம் பார்க்காத தாத்தாவை மாமாவின் நடையில் பார்க்கிற மாதிரி, அவ்வளவுதான் கிடைக்கும்.

வடக்கேயும் இப்படி ஒருவர் உண்டு, அன்னபூர்ணா தேவி. மைஹரில் 1927-ல் பிறந்து, சிதார் மாதிரியே ஆனால் பெரிதான சுர்பஹாரில் பேரெடுத்து, சின்ன வயசிலேயே மேடையை விட்டு ஒதுங்கி, 2018-ல் மும்பையில் காலமானவர். அவர் வெளியிட்ட ரெக்கார்டு என்று தேடிக் களைக்க வேண்டாம். ரவிசங்கரோடு வாசித்த யமன் கல்யாண் மாதிரி யாரோ பதிந்து வைத்தது சிலதுதான் சுற்றிவருகிறது. அவரிடம் கற்ற நிகில் பானர்ஜியின் சிதாரிலும் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலிலும் ஆலாபனை மட்டும் கேளுங்கள், சிதாருக்கும் குழலுக்கும் பொதுவானதைத் தேடுங்கள். நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. ஆனால் வழி ஒன்றேதான்.

குறைவாகப் பதிவு செய்ததாலேயே ஒருவரை மேதை என்று தூக்கிவைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. மூன்று நிமிஷத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். "ஆஹா, அந்தக் காலம்" என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு பக்கத்தைக்கூட முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள். சபா கேன்டீனில் அவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சமையல் பண்ணும்போது, ஆட்டோவில் போகும்போது இதைப் போடாதீர்கள். அதற்கு வேறு சங்கீதம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள், விளக்கு வைத்த பிறகு, மிக்ஸி சத்தம் அடங்கினதும் உட்காருங்கள். ஸ்பீக்கரைவிட ஹெட்போன் உத்தமம், விலை உயர்ந்தது தேவையில்லை. வீட்டில் கிடைக்காத தட்டுகளைத் தேட வேண்டுமானால் மியூசிக் அகாடமியின் டிஜிட்டல் ஆவணக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கலாம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய கிராமபோன் பாட்டுப் புத்தகங்களைப் பார்க்கலாம். சாகித்யம் சரிபார்க்க அந்தப் புத்தகங்கள் உதவும்.

அந்த ஒன்பதாவது பெண்ணிடம் நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்பினேன். மறுவாரம் முப்பது செகண்டுக்கு 61 கோடு போட்டுக்கொண்டு வந்தாள். நான் போட்டது 22. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது விஷயம் புரிந்தது. தட்டில் ஒரு கீறல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி அதில் ஏறி இறங்கி டிக் என்கிறது. அவள் அதையும் மீட்டு என்று எண்ணியிருக்கிறாள். கீறல் முக்கால் செகண்டுக்கு ஒரு தடவை கடிகாரம் மாதிரி வரும், விரல் அப்படி வராது என்று தாளம் தட்டிக் காட்டினேன். அரை நிமிஷத்துக்கு 39 டிக், கழித்தால் 22. கணக்கு சரியாக வந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் நோட்டை மூடாமல், "டீச்சர், பதினாலாவது கோடு மீட்டு இல்ல. அதுக்கு முன்னாடி மீட்டினதோட வால்" என்றாள்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். எனக்கு இன்னும் மீட்டு மாதிரிதான் கேட்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய ஹெட்போனை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.