ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஒரு கதவு சென்சார்: மாட்டுவது எப்படி?

அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில். கேமரா வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வீடு, அவர் சொல்வதுதான் சரி. அதனால், அவர் காலையில் எழுந்து கதவைத் திறந்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள, வாசல் கதவுக்கு ஒரு சென்சார் மட்டும் மாட்டினோம்.

வைஃபை சென்சார் வாங்கினால் ஹப் (சென்சாரை நெட்டோடு இணைக்கும் சிறு பெட்டி) தேவையில்லை, ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். அதை மாற்ற அம்மா ஸ்டூல் மேல் ஏறக் கூடாது. என் பரிந்துரை ஜிக்பீ (பேட்டரியைக் குறைவாகச் செலவழிக்கும் வயர்லெஸ் முறை) சென்சாரும் ஹப்பும்தான்.

1. ஸ்மார்ட் லைஃப் செயலியில் முதலில் ஹப், அப்புறம் சென்சார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வைஃபை ஹப்பாக இருந்தால், சேர்க்கும்போது போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கட்டும்.

2. சென்சாரை நிலையிலும் காந்தத்தைக் கதவிலும் நெருக்கமாக ஒட்டுங்கள். மரக்கதவில்தான் ஒட்ட வேண்டும், கிரில் கேட்டில் வேண்டாம். அம்மா வாசல் தெளிக்க முதலில் திறப்பது மரக்கதவைத்தான்.

3. நான் தவறிய இடம் இது. "காலை 7 மணிக்கும் கதவு மூடியிருந்தால் எனக்குச் சொல்" என்று விதி போட்டிருந்தேன். ஒருநாள் விடியற்காலை கரண்ட் போய், ரூட்டர் அணைந்துவிட்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. எல்லாம் சரி என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன். அம்மா நன்றாகத்தான் இருந்தார், ஆனால் அது எனக்குத் தெரிந்தது மத்தியானம்தான்.

இப்போது விதியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். கதவு திறந்தால் செய்தி வர வேண்டும்; விதி செயல்படும் நேரம் காலை 4 முதல் 7 வரை. செய்தி வந்தால் அம்மா எழுந்துவிட்டார். வராவிட்டால், காரணம் கரண்டோ நெட்டோ எதுவாக இருந்தாலும், நான் போன் செய்வேன்.

4. ரூட்டரையும் ஹப்பையும் மினி யுபிஎஸ்ஸில் போடுங்கள். இரண்டுக்கும் வோல்ட் வேறாக இருக்கலாம், அடாப்டரில் பார்த்து வாங்குங்கள்.

பின்சேர்க்கை: செய்தி தாமதமாக வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உங்கள் போனின் பேட்டரி சேமிப்பிலிருந்து இந்தச் செயலிக்கு விலக்கு கொடுங்கள்.

இன்னொருவர் கேட்டது எனக்குத் தோன்றவே இல்லை: அம்மா போனை எடுக்காவிட்டால்? எதிர்வீட்டு அக்காவிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. ஆனால் அம்மா ராத்திரி உள்தாழ்ப்பாள் போடுவார். சாவி இருந்தும் திறக்க முடியாது. போன வாரம் ஊருக்குப் போய், இரண்டு பக்கமும் சாவியால் திறக்கிற பூட்டு மாட்டிவிட்டு வந்தேன். தாழ்ப்பாளை இப்போது போடுவதில்லை.