அச்சின் நேரே கதிர்வீசிய இருமுனை: கேஜ் கலந்த கதை

காரைக்குடி வீட்டு வளவில் தேக்குத் தூணை அச்சாக வைத்துக்கொண்டு, 100 மெகாஹெர்ட்ஸில் அலைவுறும் மின் இருமுனையின் (சிறு தூரத்தில் பிரிந்த எதிரெதிர் மின்னூட்ட இணையின்) புலத்தை 30 மீட்டரில் கணக்கிட்டேன். அச்சின் நேரே கிட்டத்தட்ட சுழியாக வேண்டிய மின்புலம், பக்கவாட்டில் உள்ள அளவுக்கே வந்து நின்றது. மூன்று நாள் போச்சு.

குறி தப்போ என்று பார்த்தேன், இல்லை. எண்முறை வகையீட்டில் எடுத்த சிறு இடைவெளியைப் பாதியாக்கினேன், அசையவில்லை. ஏமாற்றியது காந்தப்புலம்தான், பிசகாமல் சரியாக வந்தது. வரத்தானே செய்யும்? மின்புலத்துக்கு ஸ்கேலர், வெக்டர் என்ற இரண்டு பொட்டன்ஷியல்களும் (புலங்களைத் தரும் துணைச் சார்புகள்) வேண்டும்; காந்தப்புலத்துக்கு வெக்டர் பொட்டன்ஷியலின் கர்ல் (சுழலை அளக்கும் வகையீடு) மட்டும் போதும். ஸ்கேலரில் என்ன குப்பை இருந்தாலும் தெரியாது.

குப்பை இதுதான்: கேஜ் என்பது இந்தப் பொட்டன்ஷியல்களை எழுத நாம் தேர்ந்தெடுக்கும் மரபு; இரண்டுக்கும் ஒரே கேஜ் வேண்டும். நானோ ஸ்கேலரைக் கூலாம் கேஜில், ஒளி வந்து சேரும் தாமதமே இல்லாமல் எழுதியிருந்தேன். வெக்டரையோ முழு மின்னோட்டத்திலிருந்து தாமதத்தோடு, அதாவது லோரென்ஸ் கேஜில். கூலாம் என்றால் மின்னோட்டத்தின் குறுக்குப் பகுதியை (டைவர்ஜன்ஸ் சுழியான பகுதியை) மட்டுமே எடுக்க வேண்டும். (இந்த லோரென்ஸ் 1867-இல் எழுதிய டேனிஷ்காரர் லுட்விக், டச்சுக்காரர் லோரன்ட்ஸ் வேறு ஆள்.)

ஸ்கேலரையும் தாமதத்தோடு மாற்றினேன். அதன் சரிவில் தூரத்துக்கு எதிர்விகிதமான ஓர் ஆர உறுப்பு முளைத்து, வெக்டரின் கால வகையீட்டிலிருந்த ஆர உறுப்பை அப்படியே அடித்துவிட்டது. அச்சில் மிஞ்சியது பக்கவாட்டுப் புலத்தில் சுமார் 3 சதவீதம். அது பிழையல்ல, தூரத்தை இரட்டித்தால் அந்த அச்சுப் புலம் கால்வாசியாகிறது.