ஆற்றோரப் பாதையில் குப்பை பொறுக்கப் போகிறீர்களா? சருகில் கைவைக்காதீர்கள்

முதல் தடவை சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனைக்கும் ஆற்றுக்கும் நடுவே போகும் பாதையில் ஏழெட்டுப் பேர் கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு) செய்தோம். குப்பையோடு சருகையும் வாரி, புதரையும் பாராங் கத்தியால் வெட்டித் தள்ளி, கோயில் வாசல் மாதிரி ஆக்கிவிட்டுப் போட்டோ வேறு எடுத்துக்கொண்டோம். தப்பு. இதே சிலாங்கூர் ஆறுதான் கீழே கம்போங் குவாந்தானுக்குப் போகிறது. அங்கே பெரெம்பாங் மரத்தில் மின்மினிகள் கூட்டமாகக் கண் சிமிட்டுகின்றனவே, அவற்றின் புழுக்கள் வளர்வது மரத்தில் இல்லை, கரையோர ஈரத்தில் நத்தையைத் தின்றுதான். உங்கள் பக்கம் மின்மினியே இல்லாவிட்டாலும் சருகுக்குள் தவளையும் அரணையும் இருக்கும்.

1. அனுமதி. தோட்டத்து நிலமென்றால் தோட்ட ஆபீசில் கேளுங்கள். சாக்குகளை ஏற்ற லோரி வருமா என்று ஊராட்சி மன்றத்திலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டு நாள் கிடந்தால் குரங்கும் நாயும் கிழித்து எல்லாம் பழையபடி பாதைக்கே வந்துவிடும்.

2. உடுப்பு. ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை. சிலிப்பரோடு வருகிறவரை, மாமாவாகவே இருந்தாலும், திருப்பி அனுப்புங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம், அதனால் சின்னக் கீறலுக்கும் பிளாஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால் ஆற்றுப் பக்கம் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் நாள் நல்ல மழை பெய்து ஆறு ஏறியிருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

3. பொறுக்குவது. தூண்டில் நரம்புதான் முதலில், ஏனென்றால் பறவைக் காலில் அது சுற்றினால் அறுவதே இல்லை. சுருட்டி ஒரு போத்தலுக்குள் போட்டு மூடிவிடுங்கள். அப்புறம் டின், டயர்: தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும், கவிழ்த்துக் கொட்டுங்கள். ஆனால் கையை விடாமல் முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்பு இருந்தால் விலகி வழிவிடுங்கள். வீட்டுப் பக்கமென்றால் 999 அடித்துச் சொன்னால் போம்பா (தீயணைப்புப் படை) வந்து பிடிக்கும்.

4. தொடக்கூடாதது. புல்லு மருந்துப் போத்தலும் ஊசியும். பாராகுவாட் என்ற புல்லு மருந்து 2020 முதல் மலேசியாவில் தடை, ஆனாலும் பழைய போத்தல் எங்காவது கிடக்கலாம். பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டுத் தோட்ட ஆபீசில் சொல்லுங்கள், ஆற்றில் மட்டும் கழுவாதீர்கள்.

5. விட்டுவிட வேண்டியது. சருகு, விழுந்த மரம், செம்பனை மட்டைக் குவியல். மட்டையை ஆட்கள் சோம்பேறித்தனத்தில் போடவில்லை, மண் ஈரம் காயாமலிருக்க வேண்டுமென்றே அடுக்குகிறார்கள். எதையும் கொளுத்தவும் வேண்டாம், திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றம்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். நாசி லெமாக்கை வீட்டு டப்பாவில் வாங்கி வரச் சொல்லுங்கள். போன தடவை நாங்கள் தின்ற பொட்டலத் தாள்களையே பாதையில் விட்டுவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து, திரும்பப் போய்ப் பொறுக்கினோம்.