பேர்போன் மினி பிசி: சேலத்துச் சிறு அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையின் முன்னறை, லீ பஜார் மண்டியின் கல்லா மேசை, லாரி புக்கிங் அலுவலகம், ஆடிட்டர் அறை என்று சேலத்தில் எந்தச் சிறு அலுவலகத்தை எடுத்துக்கொண்டாலும் முதல் தட்டுப்பாடு இடத்துக்குத்தான். பழைய டவர் கணினியை அகற்றிவிட்டு, டிபன் டப்பா அளவுள்ள மினி பிசி ஒன்றை வைத்தால் மேசையில் பாதி காலியாகும், மின்சாரமும் மிச்சமாகும். அப்படித் தேடுபவர்களின் கண்ணில் விலைப்பட்டியலின் அடிமட்டத்தில் படுவது 'பேர்போன்' வகை. நல்ல வகைதான். நான் பலருக்கும் பரிந்துரைப்பதும் உண்டு. ஆனால் அதை வாங்குவதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: பெட்டியைப் பார்க்கிறார்கள், அது உட்காரப்போகும் மேசையைப் பார்ப்பதில்லை.

முதலில் விலை. பேர்போன் என்றால் உறை, மதர்போர்டு, மின்சார அடாப்டர் ஆகியவை மட்டும். ரேம் கிடையாது, எஸ்எஸ்டி கிடையாது, விண்டோஸ் கிடையாது. சில மாடல்களில் வைஃபை அட்டைகூடத் தனியாக வாங்க வேண்டும். இன்டெல் தொடங்கிய என்யூசி மினி பிசி போன்ற வகையில் ப்ராசஸர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 2023 ஜூலையில் இன்டெல் அந்தத் தொழிலிலிருந்து விலகியது. இப்போது அசுஸ் நிறுவனம் அதைத் தொடர்கிறது. ஏஎஸ்ராக் டெஸ்க்மினி போன்ற இன்னொரு வகையில் ப்ராசஸருக்கான சாக்கெட் மட்டும் இருக்கும். ப்ராசஸரையும் அதன் கூலரையும் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'இது மலிவு' என்று முடிவு செய்வது பெரும் பிழை. ஒரு தாளில் எல்லா உறுப்புகளையும் எழுதி, விண்டோஸ் உரிமத்தையும் சேர்த்துக் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள். 2025 இறுதியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலைகள் கடுமையாக ஏறியிருப்பதால் இந்தக் கூட்டல் முன்பைவிட முக்கியம். முழுதாகக் கட்டப்பட்டு வரும் மினி பிசியே மலிவாக முடியும் நேரங்களும் உண்டு.

மேசையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

சேலத்து அலுவலகங்களைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். புதுக் கணினி வந்துவிடும். அதனோடு பேச வேண்டிய தராசு, பிரிண்டர், மானிட்டர் எல்லாம் பழையவையாகவே இருக்கும்.

வெள்ளிப் பட்டறையின் எலக்ட்ரானிக் தராசுகளும், ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் லாரிகளை நிறுக்கும் எடை மேடைகளும் பெரும்பாலும் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் வழியாகத்தான் எடையைக் கணினிக்கு அனுப்புகின்றன. இன்றைய மினி பிசி பலவற்றில் அந்தப் போர்ட்டே இல்லை. யூஎஸ்பி–சீரியல் கன்வெர்ட்டர் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதும், நல்லதாக இருந்தால். மலிவான கன்வெர்ட்டர்கள் சிலவற்றில் போலிச் சிப் இருக்கிறது. அசல் நிறுவனத்தின் புதிய டிரைவர் மென்பொருள் அதை அடையாளம் கண்டு இயங்க மறுக்கும். அசல் சிப்பாகவே இருந்தாலும், கன்வெர்ட்டரை வேறொரு யூஎஸ்பி துளையில் செருகினால் போர்ட் எண் மாறிவிடக்கூடும். பழைய எடை மென்பொருள்கள் சில காம் 1 முதல் 4 வரைதான் தேடும். கணினி அதற்கு காம் 7 என்று பெயரிட்டிருந்தால் எடை வராது. டிவைஸ் மேனேஜருக்குள் போய் எண்ணை மாற்றி, கன்வெர்ட்டரை ஒரே துளையில் நிலையாக விட்டுவிட்டால் பிரச்சினை தீரும். ஆனால் இதைச் செய்யத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, பின்புறம் சீரியல் போர்ட்டோடு வரும் மாடலையே தேடுவது. சில அலுவலக மாடல்களில் ஒரு போர்ட்டை சீரியல், விஜிஏ, கூடுதல் லேன் என்று வாங்கும்போதே தேர்ந்தெடுக்கலாம். எடை மேடைதான் வருமானம் என்றால், இந்த ஒரு போர்ட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் தயக்கமே வேண்டாம்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதே கதைதான். கார்பன் நகலோடு லாரி ரசீது அடிக்க இன்றும் அதற்கு ஈடில்லை. பிரிண்டரில் யூஎஸ்பி இருந்தால் கவலையில்லை. பேரலல் போர்ட் மட்டும் உள்ள பழைய பிரிண்டருக்கு யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் போட்டால், விண்டோஸ் மென்பொருளிலிருந்து பொதுவாக அச்சிடலாம். ஆனால் எல்பிடி1 என்ற போர்ட்டுக்கே நேரடியாக அனுப்பும் டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள் அந்தக் கேபிளைக் கண்டுகொள்ளாது. அந்த மென்பொருளே புதுக் கணினியில் திறக்காமல் போகலாம். விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது. 16 பிட் நிரல்களை அது இயக்காது. அப்படி ஒன்றை இன்னும் நம்பியிருப்பவர்கள் கணினி மாற்றுவதற்கு முன் மென்பொருளை மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டும்.

மானிட்டர் பழைய விஜிஏ வகையா? எச்டிஎம்ஐ சிக்னல் டிஜிட்டல், விஜிஏ அனலாக். வெறும் கேபிள் இரண்டையும் இணைக்காது. சிக்னலை மாற்றித் தரும் சிறு கன்வெர்ட்டர் தேவை. மானிட்டர் முதுகிலேயே மினி பிசியை மாட்டிவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் மானிட்டரைத் திருப்பிப் பாருங்கள். நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா? அவற்றையே மானிட்டரின் கால் பிடித்துக்கொண்டிருந்தால் மாட்ட இடமில்லை. டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையொப்பக் கருவி), கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், பென்டிரைவ் என்று யூஎஸ்பி துளைகளையும் எண்ணிப் பாருங்கள். பழைய அகலமான வகைத் துளை குறைந்தது ஐந்து வேண்டும்.

உள்ளே போடுபவை

சாக்கெட் வகை பேர்போனில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. சில ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் ப்ராசஸரை வாங்கிவிடுவார்கள். ஐ3-12100எஃப் அதற்கு உதாரணம். அந்த எழுத்தின் பொருள், உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பது. இந்தச் சிறு உறையில் வழக்கமான கிராபிக்ஸ் கார்டு பொருத்தவும் இடமில்லை. கணினி ஓடும், திரையில் ஒன்றும் வராது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் இது நேர்மாறு: 5600ஜி போல ஜி எழுத்து இருந்தால்தான் படம் வரும், வெறும் 5600 உதவாது.

கூலரின் உயரமும் அப்படித்தான். டெஸ்க்மினி உறைகளில் 46, 47 மில்லிமீட்டருக்கு மேல் உயரமான கூலர் உட்காராது. ரைசன் 5600ஜியோடு இலவசமாக வரும் கூலர் சுமார் 54 மில்லிமீட்டர். இலவசம் என்று நம்பி வாங்கினால் மூடியை மூட முடியாது. பழைய இருப்பிலிருந்து வந்த மதர்போர்டு புது ப்ராசஸரை அடையாளம் காணாமலும் போகலாம். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துத் தருவதைக் கடைக்காரரின் பொறுப்பாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ரேம் விஷயத்தில் மூன்றைச் சரிபார்த்தால் போதும். இந்த உறைகளில் பெரும்பாலானவை லேப்டாப்பில் போடும் எஸ்ஓ-டிம் வகையையே ஏற்கும். பழைய டவரில் இருந்த நீள ரேமைக் கழற்றிப் போட முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. வெட்டுப் பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். 16 ஜிபி வேண்டுமானால் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள், கிராபிக்ஸும் ரேமைப் பகிர்ந்துகொள்வதால் வித்தியாசம் தெரியும். இன்டெல் என்100 போன்ற சிறு ப்ராசஸர்கள் இதற்கு விலக்கு. அவை ரேமோடு ஒற்றைச் சேனலில், அதாவது ஒரே பாதையில் மட்டுமே பேசும். பில் போடவும் டேலி பார்க்கவும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யவும் என்100 தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. கணக்கு அலுவலகத்துக்கு ஐ7 வாங்குவது வீண் செலவு. அந்தப் பணத்தை நல்ல யுபிஎஸ்ஸில் போடலாம்.

எஸ்எஸ்டி வாங்கும்போது அதைச் செருகும் எம்.2 துளை வேகமான என்விஎம்இ வகையா, பழைய சாட்டா வகையா என்று பாருங்கள். நீளமும் பொருந்த வேண்டும். 2280 என்றால் 80 மில்லிமீட்டர்.

விண்டோஸ் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸரோ அதற்கு மேலோ வேண்டும். ஆகவே இரண்டாம் கை பேர்போன் மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் தலைமுறையைக் கேளுங்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் 'கீ'யை அலுவலகக் கணினியில் போடாதீர்கள். இன்று ஏற்கப்பட்டாலும் நாளை முடக்கப்படலாம்; உரிமம் கேட்டால் காட்ட ரசீதும் இருக்காது. ஆடிட்டர் வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கணினிக்குள் வர வேண்டுமானால் ஹோம் பதிப்பு போதாது, ப்ரோ வேண்டும்.

பலர் அறியாத ஆபத்து இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 நிறுவும்போது பல கணினிகளில் எஸ்எஸ்டி தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. திறவுகோல் மதர்போர்டின் டிபிஎம்மில் இருக்கும். மதர்போர்டு பழுதானால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் செருகி டேலி கணக்கை எடுத்துவிடலாம் என்ற பழைய நம்பிக்கை இங்கே செல்லாது. மீட்புச் சாவி எண் வேண்டும். அதைத் தாளில் அச்சடித்துப் பீரோவில் வையுங்கள். வெளியே ஒரு காப்புப் பிரதியும் வைத்திருங்கள்.

ரசீது, உத்தரவாதம், இறக்குமதி

உறுப்புகளை நான்கு கடைகளில் வாங்கினால் நான்கு உத்தரவாதங்கள். கணினி ஓடவில்லை என்றால் ரேம் கடை மதர்போர்டைக் காட்டும், மதர்போர்டு கடை ரேமைக் காட்டும். ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கி, ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய ஒரே ரசீதில் ஒவ்வொரு உறுப்பின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். உள்ளீட்டு வரி வரவுக்கும் அதுவே வேண்டும். சேவை மையம் சேலத்திலேயே இருக்கிறதா, கோவைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு இணையதளத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கைந்து பெட்டிகளை ஒரேயடியாக வரவழைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு லேப்டாப்களோடு இந்த மிகச் சிறிய கணினிகளின் இறக்குமதியையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இணையத்தில் வாங்கித் தபாலிலோ கூரியரிலோ வரும் ஒரே ஒரு கருவிக்கு மட்டும் உரிமத்திலிருந்து விலக்கு தரப்பட்டது. அதற்கும் வரி உண்டு. இங்கே உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்பது தனிக் கவலை. அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

வெயிலும் தூசியும் பனியும்

சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும். ஏசி இல்லாத அறையில், மூடிய மேசை இழுப்பறைக்குள் மினி பிசியைத் தள்ளி வைத்தால், தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'மதியத்துக்கு மேல் டேலி இழுக்கிறது' என்ற புகாருக்கு இது ஒரு காரணம். காற்றுத் துளைகளைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அம்மாப்பேட்டை, இளம்பிள்ளைத் தறிக்கூடங்களில் பஞ்சுத் துகளும், ஜவ்வரிசி ஆலைகளில் மாவுத் தூசியும் சிறு ஃபேனை விரைவில் அடைத்துவிடும். அங்கெல்லாம் குறைந்த வாட் ப்ராசஸரோடு ஃபேன் இல்லாத மாடலே சரி. கடுமையான வேலைக்கான ப்ராசஸரை ஃபேன் இல்லாத உறையில் தேடாதீர்கள்.

அடிக்கடி மின்தடை வரும் இடமென்றால், மின்சாரம் திரும்பியதும் கணினி தானே இயங்கும் வகையில் பயாஸில் மாற்றி வையுங்கள். எல்லோருக்கும் டேலி தரவு தரும் கணினிக்கு இது மிக அவசியம். அலுவலக வேலையில் மினி பிசி பெரும்பாலும் 10 முதல் 30 வாட் வரையே எடுப்பதால், டவரைச் சில நிமிடங்கள் தாங்கிய யுபிஎஸ் இதை நெடுநேரம் தாங்கும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் மலையில் வெப்பம் எதிரி அல்ல, ஈரமும் இடியும்தான். காப்பி எஸ்டேட் அலுவலகத்தைச் சில வாரம் பூட்டிவைத்தால் பனி உள்ளே புகுந்து உலோக உறையில் ஈரம் படியும். ஜன்னலோரம் வேண்டாம், அலுவலகம் பூட்டியிருந்தாலும் வாரத்தில் ஒருநாளாவது யாராவது கணினியை இயக்கி வைக்கட்டும். இடி மின்னல் மின்கம்பி வழியாக மட்டுமல்ல, இணையக் கேபிள் வழியாகவும் வரும். மழை நேரத்தில் இரண்டையும் கழற்றுங்கள். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மலை மேல் அலுவலகம் வைத்திருப்பவர்கள் கணினியோடு சேர்த்தே கூடுதல் அடாப்டர் ஒன்றையும் வாங்கிவிட வேண்டும். டவரின் பவர் சப்ளை பழுதானால் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். மினி பிசியின் அடாப்டர் அப்படியல்ல. 19 வோல்ட் என்பது ஒத்திருந்தாலும், வாட் அளவும் முனையின் குறுக்களவும் மாடலுக்கு மாடல் வேறு. வாட் குறைந்த லேப்டாப் அடாப்டரைச் செருகினால், வேலை அதிகமாகும் நேரத்தில் கணினி அணையும். உதிரி இல்லாவிட்டால், ஓர் அடாப்டருக்காக இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்கு வந்து, அதுவும் அன்று கடையில் இருப்பு இருந்தால்தான் வாங்கிப் போக முடியும்.