நெதர்லாந்து ஸ்மார்ட் மீட்டரின் பி1 போர்ட்: கம்பி கோக்கும் முன்

நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரை எந்த நிறுவனம் செய்திருந்தாலும், அது தன் அளவீடுகளை வெளியே தரும் பி1 போர்ட்டுக்குத் தரம் ஒன்றுதான்: டிஎஸ்எம்ஆர். சோலார் மிஞ்சும்போது மட்டும் வாட்டர் ஹீட்டரையோ கார் சார்ஜரையோ ஓடவிட இதன் தரவே போதும்.

பலர் கோட்டை விடுவது கேபிளில்தான். ஆறு கம்பி ஆர்ஜே12 வேண்டும். பழைய டெலிபோன் கேபிளில் நான்கே கம்பி. 1, 6 பின்கள் விட்டுப்போய் 5 வோல்ட் வராது. 2-ஆம் பின்னுக்கு 5 வோல்ட் கொடுத்தால்தான் மீட்டர் வாயைத் திறக்கும். தரவு வரும் 5-ஆம் பின் ஓபன் கலெக்டர், அதாவது சிக்னலைக் கீழே இழுக்குமே தவிர மேலே ஏற்றாது. தரவைப் படிப்பது இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினி) போர்டானால், சிக்னலை மேலே ஏற்ற 3.3 வோல்ட்டுக்குப் புல்-அப் ரெசிஸ்டர் போடுங்கள். சிக்னல் தலைகீழ் என்பதால் மென்பொருளில் 'இன்வர்ட்' அவசியம், இல்லாவிட்டால் குப்பை எழுத்துகள்தான்.

வேகம் 115200 பாட், 8என்1 (8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்). டிஎஸ்எம்ஆரின் 5-ஆம் பதிப்பு ஒவ்வொரு நொடியும், 4-ஆம் பதிப்பு பத்து நொடிக்கொரு முறையும் தரவு அனுப்பும். பழைய 2.2 பதிப்புக்கு 9600, 7இ1 (7 பிட், இரட்டைப் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட்). அதில் மின்சாரமும் வராது. பதிப்பு 5 தருவதே 250 மில்லிஆம்ப்தான். வைஃபை போர்டு அடிக்கடி ரீசெட் ஆனால் தனி அடாப்டர் வையுங்கள். அதன் 5 வோல்ட்டை 1-ஆம் பின்னோடு சேர்க்க வேண்டாம்.

மீட்டர் அனுப்பும் தரவில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு குறியீடு உண்டு: 1.7.0 வீட்டுக்குள் வரும் கிலோவாட், 2.7.0 வெளியே போவது. 2 கிலோவாட் ஹீட்டருக்கு, 2.7.0 சில நிமிடம் 2-க்கு மேல் நின்ற பிறகே ரிலேயை (ஹீட்டரின் மின்சுவிட்சை) போடுங்கள். மேகம் கடக்கும்போதெல்லாம் அணைந்தெரிந்தால் ரிலே சீக்கிரம் போய்விடும்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸிலும் இதே போர்ட்தான், ஆனால் மின்விநியோக நிறுவனமான ஃப்ளூவியஸின் தளத்தில் முதலில் திறந்துவிட வேண்டும். அங்கே 1.8.1 என்ற குறியீடு உள்ளே வந்த மின்சாரத்தின் பகல் கணக்கு. நெதர்லாந்தில் அதுவே மலிவுநேரக் கணக்கு.