கீசர் பிளக் கருகினால் எம்சிபியை மாற்றாதீர்கள்

போன மார்கழியில் ஒரு நாள் காலை எங்கள் வீட்டு கீசர் பிளக்கைப் பிடுங்கினேன், லேசில் வரவில்லை. இழுத்துப் பார்த்தால் சாக்கெட்டின் வலது ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி ஓரம் இளகியிருந்தது, பிளக்கின் ஒரு பித்தளைக் கால் கறுத்துப்போயிருந்தது, பக்கத்துக் கால் மட்டும் புதிதுபோலப் பளபளத்தது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் "லோடு தாங்கலை" என்று சொல்லிவிட்டு, 16 ஆம்பியர் எம்சிபியை, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சைக் கழற்றி, 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போனார்.

அது தப்பு. ஆபத்தான தப்பு. காரணம் அந்த இரண்டு கால்களிலேயே தெரிகிறது. ஒரு கால் வழியாகப் போகும் கரண்ட்தான் கீசருக்குள் போய் மறு கால் வழியாகத் திரும்புகிறது, இரண்டிலும் ஒரே அளவுதான் ஓடும். கரண்ட் அதிகமானதால் கருகியது என்றால் இரண்டும் கருகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கருகியிருக்கிறது என்றால் அந்த இடத்தில் தடை அதிகம் என்று அர்த்தம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம், பள்ளியில் படித்ததுதான். கீசர் 2000 வாட், நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இது பெரிய சுமையே இல்லை. ஓம் விதிப்படி 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் கீசர் காயிலின் தடை சுமார் 26 ஓம். இனி ஜூல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1841-இல் சொன்னது: கடத்தியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியையும் தடையையும் பெருக்கினால் வருவது. 8.7-இன் இருமடி 76. இந்த 76-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் அதை எந்தத் தடையோடு பெருக்குகிறோம் என்பதுதான்.

காயிலின் 26 ஓமோடு பெருக்கினால் 2000 வாட் சூடு, அது தண்ணீருக்குப் போகிறது, நமக்கு வேண்டியதும் அதுதான். சுவருக்குள் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.007 ஓம்தான், பெருக்கினால் அரை வாட், தொட்டால்கூடத் தெரியாது. சரி, சாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தோ பின்னாலுள்ள ஸ்க்ரூ லூசாகியோ அந்த இடத்தில் வெறும் 0.2 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். 76-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 15 வாட். ஒயரில் மீட்டர் கணக்கில் பரவும் அரை வாட் அல்ல இது, ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில் 15 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அப்புறம் சாக்கெட் எப்படி இளகாமல் இருக்கும்? சூடானால் பித்தளை கறுக்கும், கறுத்தால் தடை இன்னும் கூடும், கூடினால் இன்னும் சூடு. இதனால்தான் ஆறு மாதம் தொல்லையில்லாமல் ஓடிய பிளக் ஒரே வாரத்தில் கருகிவிடுகிறது.

இதே லூஸ் சாக்கெட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் போட்டால் கரண்ட் பாதி, ஆனால் சூடு கால் பங்கு, 4 வாட்கூட வராது. அயர்ன் பாக்ஸ் போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

எம்சிபிக்கு இது எதுவும் தெரியாது. அது பார்ப்பது கரண்ட் எவ்வளவு என்பதை மட்டும். 26 ஓமோடு 0.2 கூடினால் கரண்ட் ஒரு துளி குறையத்தான் செய்யும், அதனால் சாக்கெட் எரிந்துகொண்டிருந்தாலும் அது விழாது. அதை 32 ஆக்கினால் கருகல் நிற்காது, கூடவே ஒயருக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும். நாளைக்கு உண்மையிலேயே 28 ஆம்பியர் இழுத்தால் சுவருக்குள் ஒயர் கொதிக்கும், எம்சிபி பேசாமல் இருக்கும்.

அப்போது என்ன செய்ய வேண்டும்? கீசரை 15 நிமிடம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்த உடனே பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே வேலை. மல்டிமீட்டரில் அளக்கலாமே என்று தோன்றும், ஆனால் 0.2 ஓமை சாதாரண மல்டிமீட்டர் நம்பும்படி காட்டாது, அதன் ஒயருக்கே அவ்வளவு தடை இருக்கும். இந்த விஷயத்தில் கைதான் நல்ல மீட்டர்.

கழற்றுவதற்கு முன் மெயின் ஸ்விட்சையே அணையுங்கள். டெஸ்டரை, கரண்ட் இருக்கும்போதே வேறொரு பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அணைத்த பிறகு இங்கே வைத்து எரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வேலை பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள், ஆனால் "சாக்கெட்டை மாற்றி, ஒயர் முனையை வெட்டிப் புதிதாக முறுக்கிக் கொடுங்கள், எம்சிபியைத் தொட வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கருகிய சாக்கெட்டின் ஸ்பிரிங்கை நெருக்கிவிட்டு மறுபடி போடக் கூடாது, சூட்டில் அதன் விறைப்பு போயிருக்கும். கறுத்த பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கறுப்பு புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். ஒயரில் செம்பு மின்னும் இடம் வரும்வரை வெட்டி, இழைகள் எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கி, முனையை இரண்டாக மடித்து உள்ளே விட்டு இறுக்குங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் இன்சுலேஷன் மாட்டிக்கொள்ளக் கூடாது. இறுக்கியதும் ஒயரை ஒரு இழு இழுத்துப் பாருங்கள், அசைந்தால் திரும்ப இறுக்குங்கள்.

பழைய வீடுகளில் அலுமினிய ஒயர் இருந்தால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும், அதை செம்புக்கு மாற்றிவிடுவது நல்லது. கீசரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே வேண்டாம், ஒவ்வொரு பிளக்கும் ஒரு புது இணைப்பு, ஒவ்வொன்றும் லூசாகலாம்.

வேலை முடிந்த மறுநாள் காலை, அதே 15 நிமிடம், அதே புறங்கை.